இறங்காதவர் நிரப்பிய பாட்டில்

சிறுநீர் போதையில் இருந்தது. அதன் சொந்தக்காரரோ வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை.

"இது ரெண்டும் உண்மையா இருந்தா, நடுவுல ஒருத்தன் நல்லா மாட்டப்போறான்" என்றாள் அண்ணி, டாக்ஸியிலிருந்து இறங்கிக்கொண்டே.

"ரெண்டுல ஒண்ணு பொய்யா இருந்தா?" என்றான் கொழுந்தன்.

"நாம மாட்டுவோம். டாக்ஸிக்குக் காசு கொடு."

"பாருங்க, இதுல மட்டும் எந்தக் கேஸா இருந்தாலும் நான்தான் மாட்டறேன்."

அந்தத் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். மூளைக்கு அண்ணி, முதுகு நோகும் வேலைகளுக்கும் வாய்ப்பேச்சுக்கும் அவளுடைய கணவரின் தம்பி. அவன் வீட்டில் கூப்பிடுவது போலவே ஆபீஸிலும் "அண்ணி" என்று கூப்பிட, வருகிற கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கி, இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டர்கூட "வாங்க அண்ணி" என்றுதான் வரவேற்கிறார்.

அன்று காலை வந்த கட்சிக்காரி, துறைமுக யார்டில் கிரேன் ஓட்டுபவரின் மனைவி. வேலையாட்களுக்கு மாதாமாதம் நடக்கும் போதைச் சோதனையில் அவள் கணவர் தோற்றுவிட்டார். பாட்டிலில் மது இருந்ததாக லேப் சொல்லிவிட்டது. இன்று மாலை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். லைசென்ஸில் 'போதை' என்று முத்திரை விழும். அதன் பிறகு எந்தத் துறைமுகத்திலும் அவரை ஒரு கைவண்டியைக்கூடத் தள்ள விடமாட்டார்கள்.

"எங்கப்பா குடிச்சே செத்தாருங்க" என்றாள் அந்தப் பெண். "என்னைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தாங்க. இவரை ஏன் கட்டிக்கிட்டேன்னா, பக்கத்துல உட்கார்ந்து பேசினப்போ சோப்பு வாசனை மட்டும்தான் வந்துச்சு."

"இப்ப அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்லலை. அதான் எனக்குப் புரியலை. செய்யாதவன்னா செய்யலைன்னு கத்த மாட்டானா? இவரு சுவரைப் பாத்துக்கிட்டுப் படுத்துக்கறாரு. வேலை கெடக்கட்டும் அண்ணி. நான் ஒரு குடிகாரனோடயா குடும்பம் நடத்திட்டு இருந்தேன்? அதைச் சொல்லுங்க எனக்கு."

அண்ணி அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. விசாரணையில் தொழிலாளிக்கு ஆதரவாக ஒருவர் உடன் வரலாம் என்று யார்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஒருவராகத்தான் இப்போது அவள் வாசல் காவலைத் தாண்டி உள்ளே போனாள். கொழுந்தன், அந்த ஒருவரின் பையைத் தூக்குகிறவனாகப் போனான்.

சோதனையை நடத்துகிற நலத்துறை அதிகாரிக்கு யார்டு வைத்திருந்த பெயர் 'ஒழுக்கம்'. மேடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பேச்சை அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். சட்டையில் சுருக்கம் கிடையாது. தலைமுடியில் ஒன்றுகூட வரிசை மீறவில்லை. அறையின் நான்கு சுவர்களிலும் அவரே வாசகம் எழுதி அச்சடித்த சுவரொட்டிகள். மேஜைக்கு நேர் எதிரில் இருந்தது இப்படி அலறியது: 'நேற்றிரவின் மது இன்று காலையும் உன் உடம்பில்!'

"ஒழுக்கம்மா, ஒழுக்கம்" என்றார், நாற்காலியைக் காட்டி. "நம்ம யார்டுல வருஷம் பூரா ஒரு பாட்டில்கூடத் தோத்ததில்ல. 'போதையற்ற பணியிடம்'னு பட்டயமே வாங்கியிருக்கோம். வாங்கின கையோட இந்த மனுஷன் கவுத்துட்டான்."

"யாருக்குச் சோதனைன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"குலுக்கல்! பாரபட்சமே கிடையாது." மேஜைமேல் இருந்த தகர டப்பாவைப் பெருமையாகத் தட்டினார். "ஒவ்வொரு ஆளோட நம்பரும் ஒரு பித்தளை டோக்கன்ல இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

அண்ணி அந்த டப்பாவை இரண்டு விரல்களால் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். குழந்தையின் கிலுகிலுப்பை போலச் சத்தம் வந்தது.

"யார்டுல எத்தனை பேர் சார்?"

"நானூறுக்கு மேல."

"நானூறு பித்தளைக் காசு இருந்தா இதைத் தூக்க என் கொழுந்தன் வேணும். குலுங்கறதுக்கு உள்ள இடமும் இருக்காது."

'ஒழுக்கம்' வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு டோக்கனை எடுத்தான். "இது யாரு சார்?"

"அது... கிரேன் ஆபரேட்டர். என்ன ஒரு தற்செயல்!"

"இது?"

"கிடங்குக் கணக்கர்."

"குடிப்பாரா?"

"வயித்துப் புண்ணு. தண்ணியே வெந்நீர்தான்."

"இது?"

"வெல்டர். சைக்கிள் பந்தயத்துக்குப் போறவர். பாலும் பழமும்தான்."

கொழுந்தன் கண்ணைத் திறந்தான். "உங்க யார்டுல அதிர்ஷ்டமே குடிக்காதவங்க வீட்டு அட்ரஸைத்தான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு சார்."

அதிகாரியின் காதுமடல் சிவந்தது. அண்ணி உடனே பேச்சை மாற்றி, அவருக்குப் பிடித்த பக்கம் திருப்பினாள். "அதை விடுங்க சார். சின்னப் பையன், வாய் நீளம். நீங்க சோதனை எடுக்கற முறைதான் பிரமாதம்னு கேள்விப்பட்டேன். யாரும் ஏமாத்தவே முடியாதாமே?"

புகழ்ச்சி விழுந்ததும் அதிகாரி மலர்ந்துவிட்டார். அலமாரியைத் திறந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இந்த ஒட்டுத்தாளைப் பாருங்க. உடம்புச் சூட்டோட வந்தா பச்சையாகும். கொஞ்சம் ஆறினாலும் கறுத்துடும். வேற எங்கேருந்தாவது கொண்டுவந்து ஊத்திட்டுப் போற கதையெல்லாம் இங்க நடக்காது."

"கிரேன்காரரோடது?"

"பச்சைப் பசேல்னு இருந்துச்சு. நானே பார்த்து, நானே மூடி, நானே முத்திரை வெச்சேன்."

"எடுக்கறது எங்க?"

"இதோ, இந்தக் கதவு. என்னோட சொந்தக் கழிவறை. சாவி என் இடுப்புல. தூங்கும்போதும் கழட்ட மாட்டேன்."

"அவருக்கு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாமே?"

"கூடவே கூடாது. ஒரு ஆளுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான். ஒருத்தர் கொடுத்தாச்சுன்னா கொடுத்தாச்சு. விதி! அந்த விதியை எழுதினதே நான்தான்."

"உங்களுக்கு எப்ப சார் எடுப்பாங்க?" என்று அப்பாவியாகக் கேட்டான் கொழுந்தன்.

'ஒழுக்கம்' அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதிகாரிங்களுக்குச் சோதனை கிடையாது தம்பி. எங்களுக்கு மனசாட்சி இருக்கு."

கிரேன், யார்டின் மறுகோடியில் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு. கீழிருந்து பார்க்கும்போது யாரோ தீப்பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் தெரிந்தது. கிரேன்காரரை இடைநீக்கம் செய்திருந்ததால், உள்ளே மாற்று ஆள் ஒருவர் உட்கார்ந்து, ஒரு கண்டெய்னரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பயந்து பயந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

கீழே நின்று கொடியசைத்து வழிகாட்டுகிற கொடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வேகத்துல போனா கப்பல் இங்கேயே துருப்பிடிச்சுடும். எங்க ஆளு இருந்தா காலைலயே காலி பண்ணி அனுப்பியிருப்பாரு."

"சோதனை நடந்த அன்னைக்கு அவர் எப்ப இறங்கினார்?" என்று கேட்டாள் அண்ணி.

கொடிக்காரர் கொடியைச் சுருட்டினார்.

"ஏணி எவ்வளவு உசரம்?" கொழுந்தன் கழுத்தை ஒடித்து மேலே பார்த்தான். "சாப்பாட்டுக்கு இறங்கி ஏறினா மறுபடி பசிக்குமே?"

"யாரு இறங்கறா? கயித்துல வாளி இருக்கு. சாப்பாடும் டீயும் அதுல போகும்."

"மத்ததுக்கு?"

"அதுக்கு மேலேயே ஒரு கேன் வெச்சிருப்பாங்க. பொம்பளைங்க முன்னாடி சொல்ல வேணாம்னு பார்த்தேன்."

"சொல்லியாச்சு, பரவாயில்ல" என்றாள் அண்ணி. "அன்னைக்கும் வாளிலதான் சாப்பாடு போச்சு. அவர் இறங்கவே இல்ல. சரிதானா?"

கொடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலை இறக்கினார். "நான் சொன்னேன்னு எங்கேயும் வரக்கூடாது. எனக்கும் வீட்டுல நாலு வயிறு இருக்கு. அன்னைக்குக் கப்பல் அவசரம். கிரேன் ஒரு நிமிஷம் நிக்கக்கூடாதுன்னு ஜெனரல் மேனேஜர் உத்தரவு. 'ஒழுக்கம்' இங்க வந்து வாக்கிடாக்கில கத்தினாரு, பாட்டில் இன்னைக்கே லேப்புக்குப் போகணும், இறங்குன்னு. இவரு மேலேருந்து, 'கப்பலை நிறுத்தினா பெரியவர் திட்டுவாரு சார்'ன்னாரு. 'சரி, நீ கிட. நான் பார்த்துக்கறேன்'னு 'ஒழுக்கம்' போயிட்டாரு. இவரும் 'சரி சார்'ன்னுட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"முகம் எப்படி இருந்துச்சு அவருக்கு?"

"'ஒழுக்கத்து'க்கா? கண்ணு ரெண்டும் வீங்கி இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி அதிகாரிங்களுக்கு ஹோட்டல்ல விருந்து. அந்தப் பட்டயம் வாங்கினதுக்கு."

"போதையில்லாததை எப்படிக் கொண்டாடினாங்க?" என்றான் கொழுந்தன்.

"எல்லாரும் எப்படிக் கொண்டாடுவாங்களோ, அப்படித்தான்."

திரும்பி நடக்கும்போது கொழுந்தன் விரலை ஆட்டினான். "அண்ணி, எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேன்ல இருந்ததை வாளில இறக்கி..."

"அங்கேருந்து அந்த ரூம் வரைக்கும் நடந்து வந்திருக்கோம். உனக்கே மூச்சு வாங்குது. பாட்டில் ஆறியிருக்காது? ஒட்டுத்தாள் பச்சையா இருந்துச்சுன்னு அவரே சத்தியம் பண்றாரு."

"சரி. அப்ப யாரோ ஒரு குடிகாரனைக் கூப்பிட்டு அந்தக் கழிவறைக்குள்ள விட்டிருக்கணும்."

"குடிகாரனையா?" அண்ணி நின்றாள். "வருஷம் பூரா குடிக்காதவனாத் தேடிப் பிடிச்சு டப்பால போட்டுக் குலுக்கற மனுஷன் அவர். அவசரத்துல ஒரு பாட்டில் நிரப்பணும்னா, நிச்சயமா சுத்தம்னு அவர் நம்பற ஆளோடதைத்தான் நிரப்புவார். இந்த யார்டுலேயே ரொம்ப சுத்தமான ஆள்னு அவர் யாரை நெனச்சிட்டிருக்கார்?"

கொழுந்தனின் வாய் மெல்லத் திறந்தது. அவன் பேசாமல் நடந்த தூரம், இதுவரை அவன் பேசாமல் நடந்ததிலேயே அதிகம்.

"ஆனா கொடிக்காரர் வாயைத் திறக்க மாட்டாரே அண்ணி. கிரேன்காரரும் சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். யாரு சொல்லி நிரூபிக்கறது?"

"சொல்ல வேண்டியவரே சொல்லுவார். அவருக்கு விதின்னா உசிரு."

விசாரணை, ஜெனரல் மேனேஜரின் அறையில் நடந்தது. அவர் ஒரு காதில் போனும் இன்னொரு காதில் விசாரணையுமாக இருந்தார். போனில் கப்பல் கம்பெனிக்காரன் கத்துவது எல்லாருக்கும் கேட்டது. 'ஒழுக்கம்' லேப் அறிக்கையைப் படித்தார். கிரேன்காரர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பரந்த தோள், பயந்த கண். அண்ணி பிடிவாதம் பிடித்ததால் அவருடைய மனைவியும் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தாள். கணவரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஒரே கேள்வி" என்றாள் அண்ணி கிரேன்காரரிடம். "அன்னைக்கு நீங்க கிரேனை விட்டு இறங்கினீங்களா?"

கிரேன்காரர் 'ஒழுக்க'த்தைப் பார்த்தார். 'ஒழுக்கம்' கூரையைப் பார்த்தார்.

"மௌனம் சம்மதம்" என்றார் 'ஒழுக்கம்' அவசரமாக.

"எதுக்குச் சம்மதம்னு பார்ப்போம்" என்றாள் அண்ணி. "சார், எனக்கு இந்தப் பாட்டில் மேலேயே சந்தேகம். அந்த ஒட்டுத்தாள் பச்சையாகுதா, லேப் ஒழுங்காச் சொல்லுதான்னு பார்க்கணும். இந்த ரூம்ல இருக்கற எல்லாரும் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்போம். முதல்ல நான் கொடுக்கறேன். அடுத்து என் கொழுந்தன்."

"எனக்கு இப்பவே வருது" என்றான் கொழுந்தன்.

ஜெனரல் மேனேஜர் போனைக் கையால் மூடிக்கொண்டார். இந்த விசாரணை முடிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. "எனக்கு ஆட்சேபணை இல்ல. நேத்து நான் சாப்பிட்டதெல்லாம் மாத்திரைதான். நானும் கொடுக்கறேன், நம்ம நலத்துறையும் கொடுக்கட்டும். சீக்கிரம் ஆகட்டும்."

'ஒழுக்கம்' எழுந்து உட்கார்ந்து மறுபடி எழுந்தார். "சார், அதிகாரிங்களுக்கு..."

"நானே கொடுக்கறேங்கறேன். உங்களுக்கென்ன?"

"விதி இடம் கொடுக்காது சார்!" வரிசையாக இருந்த முடியில் ஒன்று நெற்றியில் விழுந்தது. "ஒரு ஆளுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான். என்னோடது இந்த மாசம் போயாச்சு!"

அறையில் போனில் இருந்த கப்பல்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

அண்ணி மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "யார் பேர்ல சார் போச்சு?"

'ஒழுக்க'த்தின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாவது முறை திறந்தபோது அழுகை மாதிரி ஒன்று வந்தது. "குளிச்சேன் சார்! காலைல எழுந்து தலைக்கு நல்லாக் குளிச்சேன். ரெண்டு தடவை பல்லு தேய்ச்சேன். எல்லாம் போயிருக்கும்னுதான் நெனச்சேன்!"

"உங்க மேஜைக்கு எதிர்ல ஒரு சுவரொட்டி இருக்கு சார்" என்றான் கொழுந்தன். "நல்லா எழுதியிருக்காங்க. நேரம் கிடைச்சாப் படிச்சுப் பாருங்க."

கிரேன்காரரின் மனைவி எழுந்தாள். அவள் யாரையும் பொருட்படுத்தாமல் கணவரின் எதிரில் போய் நின்றாள்.

"அப்ப நீங்க குடிக்கலையா?"

"இல்ல."

"அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"வெளிய சொன்னா, ஆள்மாறாட்டம்னு அதுக்கும் சேர்த்து வேலை போகும்னாரு நலத்துறை சார். சும்மா இரு, எச்சரிக்கையோட முடிச்சுத் தரேன்னாரு."

"வெளிய சொல்ல வேணாம். எங்கிட்ட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி சார்னு சொல்லிட்டேன்."

"அவர் மானத்தைக் காப்பாத்த, என்கிட்ட குடிகாரன்னு பேர் வாங்கினீங்களா? எங்கப்பா பேரை உங்களுக்கு வெச்சு ரெண்டு நாளா நான் அழுதுட்டிருக்கேன். நீங்க சரி சார்னு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கீங்க!"

ஜெனரல் மேனேஜர் செருமினார். "அம்மா, குடும்ப விஷயத்தை வீட்டுல வெச்சுக்கங்க. குற்றச்சாட்டு வாபஸ். லைசென்ஸுல யாரும் கை வைக்க மாட்டாங்க. இந்த விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். நலத்துறையை நான் தலைமை அலுவலகத்துக்கு மாத்திடறேன்."

"அங்க சோதனை உண்டா சார்?" என்றான் கொழுந்தன்.

"அங்க எல்லாரும் அதிகாரிங்க."

"நல்ல தண்டனை. பழைய கூட்டாளிங்களோட இருப்பார்."

மேனேஜர் அதைக் கேட்காததுபோல் கிரேன்காரரின் தோளைத் தட்டினார். "போப்பா, போய் ஏறு. கப்பல் நிக்குது. உன் இடத்துல உட்கார்ந்திருக்கறவன் என் பேரைக் கெடுத்துட்டிருக்கான்."

கிரேன்காரர் எழுந்தார். கதவுவரை போனார். நின்று, மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் முதன்முறையாக அவர் குரல் முழுதாக வெளியே வந்தது.

"ஒரு பாட்டில் கொடுங்க சார்."

"எதுக்குப்பா?"

"இந்த மாசம் நான் இன்னும் கொடுக்கலையே. லேப்ல என் பேர்ல இன்னொருத்தரோடது இருக்கு. என்னோடது போகணும். ஒட்டுத்தாள் பச்சையாகறதை இவ கண்ணால பார்க்கட்டும். அப்புறம் ஏறறேன்."

"அதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"இல்ல சார். இப்ப."

போன் கத்தியது. மேனேஜர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சன்னலுக்கு வெளியே கப்பலைப் பார்த்தாள். 'ஒழுக்கம்' தானாகவே இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

எல்லாரும் 'ஒழுக்க'த்தின் அறைக்குப் போனார்கள், மேனேஜர் கையில் போனோடு. கழிவறைக் கதவு சாத்திக்கொண்டது. எல்லாரும் வெளியே நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஆச்சாப்பா?" என்றார் மேனேஜர்.

"வரலை சார்."

"கொஞ்சம் முயற்சி பண்ணு."

"எல்லாரும் நிக்கறீங்க. அவசரப்படுத்தினா வராது சார்."

போனில் கப்பல்காரன் இப்போது மேனேஜரின் பரம்பரையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கிரேன்காரரின் மனைவி போய் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிவந்து, கதவை லேசாகத் திறந்து உள்ளே நீட்டினாள். "மெதுவாக் குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு வரலைன்னா, பெரியவங்க ஒண்ணு பண்ணுவாங்க சார்" என்றான் கொழுந்தன் பணிவாக. "பக்கத்துல நின்னு ஒரு சத்தம் கொடுப்பாங்க. நான் கொடுத்தா நல்லா இருக்காது. இங்க பெரியவர் நீங்கதான்."

ஜெனரல் மேனேஜர் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சன்னல் வழியே கப்பலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு, கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"உஸ்ஸ்ஸ்..."